அம்பாசடரின் அதிர்வு: கார் ஷெட்டில் காரணம் காணும் முறை

பழைய காரில் எஞ்சின் அதிர்வு என்பது ஏதோ ஒரு பழுதின் பெயரன்று. சிலிண்டர்களில் நிகழும் எரிதலின் குறை, சுழலும் பாகங்களின் எடைச் சமமின்மை, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களின் முதுமை, எஞ்சினுக்குப் பின்னால் தொடரும் கிளட்ச், ஷாஃப்ட், சக்கரம் ஆகியவற்றின் தேய்மானம் என வெவ்வேறு இடங்களில் பிறக்கும் அசைவுகள், ஓட்டுபவரின் கைக்கும் இருக்கைக்கும் வந்து சேரும்போது ஒரே நடுக்கமாகத் தோன்றுகின்றன. ஆகவே அதிர்வைப் போக்கும் வேலையின் பெரும்பகுதி கழற்றி மாட்டுவதில் இல்லை; நடுக்கம் பிறந்த இடம் எது என்று பிரித்தறிவதிலேயே இருக்கிறது. இந்தப் பிரித்தறிதலில் வீட்டில் வேலை செய்பவருக்குப் பட்டறைக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. இரவு முழுவதும் ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில் கிளம்பும் முதல் சில நிமிடங்களை அவரால் பார்க்க முடியும். பட்டறைக்கோ வண்டி எப்போதும் ஓடிச் சூடேறித்தான் வந்து சேர்கிறது. கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில், ஒரு வீட்டின் தரைத்தளக் கார் ஷெட்டில் நிற்கும் மார்க் 4 அம்பாசடர் ஒன்றைத் தம் கையாலேயே பராமரித்து வரும் தமிழர் ஒருவரின் பட்டறிவு இக்கட்டுரைக்கு அடிப்படை.

வண்டியும் இடமும்

1942இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், ஹூக்ளி மாவட்டத்தின் உத்தர்பாராவில் அமைத்த தொழிற்சாலையில், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி 1950களின் பிற்பகுதியில் அம்பாசடரைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலையில் வேலை நின்றபோது அம்பாசடரின் உற்பத்தியும் முடிந்தது. 1979 முதல் விற்பனையான மார்க் 4 வகையின் பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஆகும். இரும்பு பிளாக்கும் இரும்பு ஹெட்டும், பக்கவாட்டிலுள்ள கேம் ஷாஃப்டிலிருந்து தள்ளுகம்பிகள் வழியாக இயங்கும் எட்டு வால்வுகளும், ஒரே ஓர் எஸ்.யு. கார்புரேட்டரும், பாயிண்ட் வைத்த டிஸ்டிரிபியூட்டரும் கொண்ட இந்த எஞ்சினில் மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அதனால் பழுதைச் சொல்லும் எச்சரிக்கை விளக்கும் இல்லை, குறியீட்டு எண்ணும் இல்லை. நடுக்கம், ஒலி, புகை, பிளக்கின் நிறம் ஆகிய நான்கே அதன் மொழி.

லேக் கார்டன்ஸ், வடக்கே பஜ்பஜ் ரயில் பாதைக்கும் தெற்கே பிரின்ஸ் அன்வர் ஷா சாலைக்கும் இடைப்பட்ட குடியிருப்புப் பகுதி. ரயில் பாதையைத் தாண்டினால் ரவீந்திர சரோவர் ஏரி. பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழும் லேக் மார்க்கெட் வட்டாரமும் தொலைவில் இல்லை. அதிர்வை ஆராய்பவருக்கு இந்த இடத்தின் அமைப்பே ஒரு சோதனைக்களமாகிறது. குறுகிய தெருக்கள் ஐட்லிங் நடுக்கத்தையும் முதல் கியரில் கிளம்பும் நடுக்கத்தையும் காட்டுகின்றன. ரயில் பாதையின் மேல் செல்லும் லேக் கார்டன்ஸ் மேம்பாலத்தின் ஏற்றம், சுமை ஏறும்போது மட்டும் தலைகாட்டும் மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் தீப்பொறி தவறுவதை அல்லது கலவை எரியாமல் போவதை, வெளிக்கொணர்கிறது. வேகத்தைச் சார்ந்த நடுக்கத்தைப் பார்க்க மட்டும் ஈ.எம். பைபாஸ் வரை போக வேண்டும்.

நான்கு சிலிண்டரின் இயல்பான நடுக்கம்

எந்த நடுக்கம் நோய், எந்த நடுக்கம் இயல்பு என்று தெரியாமல் சோதனையில் இறங்குவது வீண். வரிசையாக நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் மேலேறும்போது இரண்டு கீழிறங்குவதால், கிராங்க் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எழும் விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. ஆனால் கனெக்டிங் ராடு சாய்ந்து சாய்ந்து இயங்குவதால் பிஸ்டன் சுற்றின் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் நகர்கிறது. இவ்வேறுபாட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எழும் விசை ஈடுசெய்யப்படாமல் எஞ்சிவிடுகிறது. இரண்டாம்படி விசை எனப்படும் இதை அடக்க, கிராங்கின் இருமடங்கு வேகத்தில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரு தண்டுகளை அமைக்கலாம் என்று ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். 1970களில் மிட்சுபிஷி அதே கொள்கையைத் தன் கார் எஞ்சின்களில் பரவலாக்கியது. பி வரிசையில் அத்தகைய தண்டுகள் இல்லை. அதற்குப் பதிலாக, எஞ்சினை ரப்பரின் மேல் மிதக்கவிட்டு அதன் நடுக்கம் உடலுக்குப் பரவாமல் தடுக்கும் எளிய வழி கையாளப்பட்டது. 1931இல் அமெரிக்காவின் பிளைமவுத் கார் ‘ஃபுளோட்டிங் பவர்’ என்ற பெயரில் பெருமையாக விளம்பரம் செய்ததும் இந்த வழியைத்தான்.

எண்ணிக்கையில் சொன்னால் இயல்பான நடுக்கத்துக்கும் நோயின் நடுக்கத்துக்கும் உள்ள வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காத நிலையில், எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று சுற்றுகிறது எனக் கொண்டால், விநாடிக்குப் பன்னிரண்டரைச் சுற்று ஆகிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிவதால் நான்கும் சேர்ந்து விநாடிக்கு 25 முறை எரிகின்றன. இந்த 25 துடிப்பும் சமமாக இருந்தால் கைக்குத் தெரிவது மெல்லிய முணுமுணுப்பு மட்டுமே. அவற்றில் ஒரு சிலிண்டர் தளர்ந்தாலோ, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒரு பள்ளம் விழுகிறது. அப்போது விநாடிக்கு ஆறு முறை, தனித்தனியாக உணரக்கூடிய கனத்த உதறல் தோன்றுகிறது. ஸ்டியரிங் தூணிலிருந்து நீளும் மார்க் 4இன் கியர் லீவர் இதைப் பெரிதுபடுத்திக் காட்டும் ஊசியாகவே செயல்படுகிறது. வேகமான, நுண்ணிய நடுக்கம் சுழற்சியின் குறையையும், மெதுவான, கனத்த உதறல் எரிதலின் குறையையும் சுட்டுகின்றன என்பதே கையால் செய்யும் முதல் பிரிப்பு.

மூன்று கேள்விகள்

ஸ்பேனரைத் தொடும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். வண்டி நிற்கும்போதும் நடுக்கம் உண்டா என்பது முதல் கேள்வி. உண்டு எனில் சக்கரமும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் கணக்கிலிருந்து விலகுகின்றன. எஞ்சின் வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் குறைகிறதா, மிகுகிறதா என்பது இரண்டாவது. குறைந்தால் எரிதலையோ எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையோ பார்க்க வேண்டும், மிகுந்தால் ஃபேன், புல்லி, ஃபிளைவீல் போன்ற சுழலும் பாகங்களைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால் மாற்றம் உண்டா என்பது மூன்றாவது. நியூட்ரலில் நின்றபடி கிளட்சை மிதிக்கும்போது கிளட்ச் பிளேட்டும் கியர்பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டும் நிற்கின்றன, பிரஷர் பிளேட் ஃபிளைவீலோடு சேர்ந்து சுழன்றுகொண்டே இருக்கிறது. ஆகவே மிதித்ததும் நடுக்கம் மறைந்தால் குற்றம் நின்ற பாகங்களைச் சேர்ந்தது.

ஓடும் வண்டியில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. டாப் கியரில் கியர்பாக்ஸ் நேரடியாக இணைக்கப்படுவதால், எஞ்சினும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. அந்நிலையில் இரண்டில் எது நடுங்குகிறது என்று எந்தக் கையாலும் சொல்ல இயலாது. நடுக்கம் வரும் வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐட்லிங்குக்கு விட்டுப் பார்த்தால், நீடிக்கும் நடுக்கம் ஷாஃப்டுக்கோ சக்கரத்துக்கோ உரியது, மறையும் நடுக்கம் எஞ்சினுக்கோ கிளட்சுக்கோ உரியது என்று பிரிந்துவிடுகிறது. பின்னும் பிரிக்க வேண்டின், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ எட்டு முறையும் ஷாஃப்ட் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேலும் சுற்றுவதால், ஸ்டியரிங்கில் தனித்தனியாகத் தெரியும் ஆட்டம் சக்கரத்தினது, தரையில் ரீங்கரிக்கும் நடுக்கம் ஷாஃப்டினது என்று கொள்ளலாம். ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யு.ஜே. (யுனிவர்சல் ஜாயிண்ட்) கிராஸ்களின் தேய்மானத்தைக் கையால் முறுக்கி ஆட்டிப் பார்த்தே அறியலாம். ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஸ்பிளைனிலும் குறியிட்டுக்கொள்ள வேண்டும்; இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் அமையாமல், ஸ்பிளைனில் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்ட ஷாஃப்ட், புதிய கிராஸ் போட்ட பின்னும் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

ஆறிய எஞ்சினின் சாட்சியம்

லேக் கார்டன்ஸ் வண்டியில் எழுந்த நடுக்கம், இக்கேள்விகளின்படி, நிற்கும்போது தோன்றி வேகத்தைக் கூட்டினால் மறைவது. விநாடிக்கு ஆறு உதறல் கொண்டது. ஆகவே எரிதலின் குறை. ஆனால் அது காலையில் கிளம்பிய சில நிமிடங்களுக்கு மட்டுமே கடுமையாக இருந்து, எஞ்சின் சூடேறியதும் பெரிதும் தணிந்துவிடும். இவ்வண்டி சென்ற ஒரு பட்டறையில், சூடான எஞ்சினைப் பார்த்த மிஸ்திரிக்கு எஞ்சியிருந்த லேசான நடுக்கம் மட்டுமே தென்பட்டதால், மவுண்டிங் ரப்பர்கள் மாற்றப்பட்டன. இருக்கைக்கு வரும் நடுக்கம் குறைந்தது, எஞ்சின் உதறுவது குறையவில்லை. ரப்பர் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, உள்ளதை மறைக்கவோ வெளிப்படுத்தவோ மட்டுமே செய்கிறது என்பதற்கு இது நேரான சான்று.

தளர்ந்த சிலிண்டரைக் கண்டறியும் பழைய முறை, எஞ்சின் ஓடும்போது பிளக் வயர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதாகும். நன்றாக எரியும் சிலிண்டரின் வயரை எடுத்தால் எஞ்சின் வேகம் சட்டென்று விழும். எரியாத சிலிண்டரின் வயரை எடுத்தால் எதுவும் மாறாது. உறையிட்ட பிளையரால் பிடிக்க வேண்டும், எடுத்த வயரின் முனையை எஞ்சின் இரும்பில் தொடும்படி வைக்க வேண்டும். அந்தரத்தில் விட்டால் போக்கிடமற்ற உயர் மின்னழுத்தம் இக்னிஷன் காயிலின் உள் காப்பைத் துளைத்துவிடக்கூடும். டீசல் அம்பாசடரில் பிளக் இல்லாததால், இன்ஜெக்டர் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அதே சோதனையைச் செய்கிறார்கள். ஆறிய எஞ்சினில் இச்சோதனை செய்தபோது மூன்றாம், நான்காம் சிலிண்டர்கள் வேகத்தை வீழ்த்தின. முதலாவதும் இரண்டாவதும் ஏறத்தாழ அசைவற்றிருந்தன.

பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் ஒருசேரத் தளர்வது பி வரிசையில் பொருள் பொதிந்த குறி. இந்த எஞ்சினின் ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கும் காற்றுக்கலவை செல்லும் வழிகள் இரண்டே. முதலிரண்டு சிலிண்டர்களுக்கு ஒன்று, பின்னிரண்டுக்கு ஒன்று. ஆகவே முதலிரண்டும் தளர்ந்தால் இரண்டு காரணங்களே முன்னிற்கின்றன: அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் எரிந்து அழுத்தம் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கசிவது, அல்லது அவற்றுக்குப் பொதுவான நுழைவாயிலில் வெளிக்காற்று புகுந்து கலவையை மெலியச் செய்வது. எரியும் வரிசை 1, 3, 4, 2 என்பதால் இரண்டாவதும் முதலாவதும் அடுத்தடுத்து எரிகின்றன. எனவே இரண்டு வலிய துடிப்பு, இரண்டு மெலிந்த துடிப்பு என்று மாறி மாறி வந்து, ஒரு சிலிண்டர் மட்டும் தளர்ந்ததைவிடக் கனமாக உதறுகிறது. அவ்விரு காரணங்களுள் முதலாவதான கேஸ்கெட் எரிதலைக் கம்ப்ரெஷன் கேஜ் நீக்கியது. பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்து, ஸ்டார்ட்டரால் சுழற்றி அளந்தபோது நான்கு சிலிண்டரும் பத்து விழுக்காட்டு வேறுபாட்டுக்குள்ளேயே நின்றன. கேஸ்கெட் எரிந்திருந்தால் அண்டை இரண்டும் சேர்ந்து விழுந்திருக்கும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்து, அதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டதும் அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது, ஏறாவிட்டால் வால்வு கசிகிறது என்பது இதே கேஜின் அடுத்த பாடம்.

எஞ்சிய காரணத்தை உறுதிசெய்ய ஆறிய எஞ்சின் இன்றியமையாததாக இருந்தது. பி வரிசையில் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் புகை வெளியேற்றும் மேனிஃபோல்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளதால், கசிவைத் தேட வழக்கமாகச் செய்வதுபோல் கார்புரேட்டர் கிளீனரையோ பெட்ரோலையோ தெளிப்பது சூடான புகைக்குழாயில் தீயை அழைப்பதற்குச் சமம். காலையில் கிளம்பிய முதல் நிமிடத்தில் மட்டுமே அவ்விடம் தொடத்தக்க சூட்டில் இருக்கிறது. அந்த நேரத்தில் மெல்லிய தூரிகையால் எஞ்சின் ஆயிலை இணைப்பின் ஓரத்தில் தடவியபோது, முன்பக்க நுழைவாயிலின் அடியில் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, சில விநாடிகளுக்கு எஞ்சின் ஓட்டம் சமமாகி, மறுபடியும் உதறத் தொடங்கியது. இரும்பு சூடேறி விரியும்போது அந்த இடைவெளி தானே அடைபட்டதால்தான் சூடான வண்டியில் பழுது மறைந்து நின்றது.

கசிவுக்குக் காரணம் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் முதுமை மட்டுமன்று. இரண்டு மேனிஃபோல்டுகளின் விளிம்புகளையும் ஒரே தடித்த வாஷர் பாலம்போல் அழுத்திப் பிடிக்கும்படி இவ்வமைப்பு உள்ளது. ஒரு விளிம்பு மற்றதைவிடச் சற்றே மெலிந்திருந்தாலும் வாஷர் தடித்ததையே அழுத்திவிட்டு மெலிந்ததைத் தளரவிடும். பழைய வண்டியில் ஒரு மேனிஃபோல்டு மட்டும் மாற்றப்பட்டிருக்கும்போது இவ்வேறுபாடு எளிதில் நேர்கிறது. ஃபீலர் கேஜ் தகடால் அளந்து, தடித்த விளிம்பை அரத்தால் சமப்படுத்தி, நேர்விளிம்புப் பட்டையை வைத்து முகம் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, புதிய கேஸ்கெட்டோடு நடுவிலிருந்து வெளிநோக்கி இறுக்கிய பின் காலை உதறல் நின்றது. சில நாள் ஓடிய பிறகு ஆறிய நிலையில் நட்டுகளை மறுபடி இறுக்குவதும் இவ்வேலையின் பகுதியே.

தீப்பொறியும் ஈரமும்

எல்லா உதறலும் காற்றுக்கசிவால் வருவதில்லை. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் தீப்பொறியே பெரும்பாலும் குற்றவாளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றின் ஈரம் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் படிந்து, தூசியோடு கலந்து, உயர் மின்னழுத்தம் ஒழுகிச் செல்லும் மெல்லிய கரித்தடங்களை உண்டாக்குகிறது. இருட்டிய ஷெட்டில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டால், வெடித்த பிளக் வயர்களிலும் மூடியிலும் நீலப் பொறிகள் ஊர்ந்து செல்வதை வெறுங்கண்ணால் காணலாம். கரித்தடத்தைச் சுரண்டினால் அது மீண்டும் தோன்றும். மூடியை மாற்றுவதே தீர்வு.

பாயிண்ட் எனப்படும் தொடுவான், கேம் முகட்டின் உச்சியில் திறக்கும் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பிளக் முனைகளின் இடைவெளி ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர். இடைவெளியைச் சரியாக வைத்தும் உதறல் மாறாவிட்டால், டிஸ்டிரிபியூட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். புஷ் தேய்ந்த தண்டு நான்கு முகட்டிலும் நான்கு வெவ்வேறு இடைவெளியைத் தருவதால், ஒவ்வொரு சிலிண்டரும் சற்றே வேறுபட்ட நேரத்தில் எரிகிறது. இந்நிலையில் பாயிண்டை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. சென்னை பாடியில் 1961இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தின் டிஸ்டிரிபியூட்டர்கள் இந்திய வண்டிகளில் பரவலாக இருந்தமையால், அவற்றைப் பிரித்துப் புஷ் மாற்றத் தெரிந்த கைகள் இன்னும் பல ஊர்களில் உள்ளன.

டேப்பட்டும் கார்புரேட்டரும்

டேப்பட் என்று பட்டறைகளில் வழங்கப்படுவது, வால்வின் முனைக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையே விடப்படும் சிறு இடைவெளி. அது குறைந்து போனால் வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும், ஐட்லிங்கில் நடுக்கம் வரும். கூடினால் தட்டும் ஒலி எழும். பி வரிசையில் இதன் பொதுவான அளவு 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், எட்டு வால்வுகளுக்கும் ஒன்பது என்ற கூட்டுத்தொகையே வழிகாட்டி. எட்டாம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் என, திறந்ததன் எண்ணும் சரிசெய்வதன் எண்ணும் கூட்டினால் ஒன்பதாகும்படி வேலை செய்தால் ஒன்றும் விடுபடாது.

எஸ்.யு. கார்புரேட்டரில் உள்ள பிஸ்டன், எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அளவுக்கேற்ப ஏறியிறங்கி, தன்னோடு இணைந்த ஊசியால் பெட்ரோல் துளையைத் திறந்து மூடுகிறது. ஐட்லிங்கில் அப்பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கிப் பார்ப்பது கலவையை அறியும் மிக எளிய சோதனை: வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை அடர்ந்தது, ஒரு கணம் கூடித் தணிந்தால் சரியானது, எஞ்சின் தடுமாறி நின்றால் மெலிந்தது. இச்சோதனை அண்மைக்காலத்தில் புதிய பொருள் பெற்றுள்ளது. இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025 வாக்கில் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனைக் கொண்டிருப்பதால், பழைய அளவில் வைத்த கார்புரேட்டர் இப்போது மெலிந்த கலவையையே தருகிறது, மெலிந்த கலவை ஐட்லிங்கில் ஒழுங்காக எரிவதில்லை. ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சிறிது இறக்கிக் கலவையை அடர்த்தியாக்குவதால் இதைப் பெரும்பாலும் ஈடுகட்டலாம். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களை ஊறவைத்து உதிர்ப்பதோடு ஈரத்தையும் ஈர்க்கிறது. ஆதலால் மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறுத்தப்படும் வண்டியின் டாங்க் அடியில் நீர் சேர்வதற்கும் இடமுண்டு.

வேக்கம் கேஜ் எனப்படும் வெற்றிட அளவி, மேனிஃபோல்டில் நேரடியாக இணைக்கப்பட்டால், இவை அனைத்தையும் ஒரே முகப்பில் காட்டுகிறது. கடல்மட்டத்தை ஒட்டிய கொல்கத்தாவில் நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவில் முள்ளை அசையாமல் நிறுத்தும். முள் தாளம் தவறாமல் விழுந்து எழுந்தால் ஒரு வால்வு கசிகிறது. மெதுவாக அலைந்தால் கலவை தவறு. நிலையாகக் குறைந்து நின்றால் தீப்பொறியின் நேரம் பிந்தியுள்ளது அல்லது காற்றுக் கசிகிறது. டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் வேக்கம் குழாயில் இதை மாட்டக் கூடாது. அக்குழாய் கார்புரேட்டரின் திராட்டில் தகட்டை ஒட்டி எடுக்கப்படுவதால் ஐட்லிங்கில் எதையும் காட்டாது.

ரப்பரும் சுழலும் பாகங்களும்

எரிதல் சீரான பின்னரே மவுண்டிங்கைப் பார்க்க வேண்டும். ரப்பரின் மேல் அமர்ந்த எஞ்சினுக்கு அதற்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. எஞ்சின் துடிப்பு அதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் நடுக்கத்தைத் தடுக்கிறது. ஆண்டுகளாலும் வெப்பத்தாலும் இறுகிப்போன ரப்பரில் அந்த ஆட்ட வேகம் உயர்ந்து ஐட்லிங் துடிப்பை நெருங்குவதால், ஒழுங்காக எரியும் எஞ்சினும் வண்டியை உலுக்குகிறது. ஆயில் ஊறி இளகிய ரப்பரோ வேறுவிதமாகக் கெடுக்கிறது: கிளட்சை விடும்போது எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி, கிளட்ச் இணைப்பையும் ஆக்ஸிலரேட்டர் கம்பியையும் இழுத்து, வண்டி குதித்துக் கிளம்புகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து முதல் கியரில் கிளட்சை மெல்ல விடும்போது, வண்டியின் முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று பார்க்கும் ஒருவருக்கு இத்தூக்கல் தெளிவாகத் தெரியும். மாற்றும்போது ஜாக்கிக்கும் ஆயில் சம்புக்கும் இடையே அகன்ற மரப்பலகை வேண்டும், இல்லையேல் மெல்லிய சம்பு நசுங்கும். போல்ட்டுகளைத் தளர்வாக வைத்து, எஞ்சினைச் சிறிது ஓடவிட்டு, அது தன் இடத்தில் அமர்ந்த பின்னரே இறுக்க வேண்டும், இல்லையேல் புதிய ரப்பர் முறுக்கிய நிலையிலேயே பூட்டப்படும்.

வேகம் கூடக் கூட மிகும் நடுக்கத்துக்கு மிக மலிவான சோதனை, ஃபேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிடுவதாகும். பெல்ட் இல்லாதபோது ஃபேனும் வாட்டர் பம்பும் டைனமோவும் ஒருசேர நின்றுவிடுவதால், நடுக்கம் மறைந்தால் அம்மூன்றனுள் ஒன்றே காரணம். பல வேளைகளில் வளைந்த ஃபேன் இதழ் ஒன்றே காரணமாகத் தெரியவரும். மறையாவிட்டால் ஃபிளைவீலையும் பிரஷர் பிளேட்டையும் ஐயுற வேண்டும். குறியிடாமல் கழற்றிய பிரஷர் பிளேட் வேறு துளைகளில் மாட்டப்பட்டிருந்தாலும் சமநிலை கெடும். ஆழமான உலோகத் தட்டல் ஒலியும் ஆயில் அழுத்தக் குறைவும் நடுக்கத்தோடு சேர்ந்து வந்தால் பேரிங் தேய்ந்திருக்கும். அங்கே வீட்டு வேலையின் எல்லை முடிகிறது, எஞ்சினை ஓட்டாமல் நிறுத்துவதே கடமை.

உதிரிப்பாகமும் பொறுமையும்

பார்க் ஸ்ட்ரீட்டும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் மல்லிக் பஜாரில் பழைய வண்டிப் பாகங்கள் குவிந்து கிடப்பது கொல்கத்தாவின் வசதி. ஆராயாமல் மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பதும் அந்த வசதியே. 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகளை நகரப் பகுதியிலிருந்து விலக்கக் கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் இட்ட ஆணைக்குப் பின் பழைய மஞ்சள் டாக்சிகள் பெருமளவில் பிரிக்கப்பட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டீசல் வண்டிகளாதலால் கிராஸ், பிரேக், கதவு போன்ற பொதுப் பாகங்கள் எளிதாகவும், பெட்ரோல் எஞ்சினுக்குரிய டிஸ்டிரிபியூட்டரும் கார்புரேட்டரும் அரிதாகவும் கிடைக்கின்றன. பழைய ரப்பர் பாகத்தை வாங்குவதில் பொருளே இல்லை. அலமாரியில் கிடந்தாலும் ரப்பர் மூப்படைகிறது.

ஷெட்டில் வேலை செய்பவர் மறக்கக் கூடாதவை சில. தரைத்தள ஷெட்டுக்கு மேலே குடும்பம் வாழும் வீடுகளில், கதவை மூடி எஞ்சினை ஓடவிடுவது நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் ஏற்றுவதாகும்; ஆகவே புகைக்குழாயின் வாய் தெருவை நோக்கியிருக்கும்படி வண்டியைப் பின்பக்கமாக வெளியே தள்ளி நிறுத்திவிட்டே சோதனை செய்ய வேண்டும். லுங்கியும் துண்டும் சுழலும் ஃபேனுக்கு அருகே ஆகா. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவதும் ஆகா.

இறுதியாக, எல்லாம் சரியான பின்னும் நான்கு சிலிண்டரின் இரண்டாம்படி நடுக்கம் சிறிது எஞ்சவே செய்யும். அதைத் துரத்துபவர் நல்ல பாகங்களைக் கழற்றிப் புதிய பழுதுகளை உண்டாக்குவார். எனவே எஞ்சின் நன்றாக ஓடும் ஒரு நாளில், ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் கம்ப்ரெஷன் அளவு, வேக்கம் அளவு, ஐட்லிங் வேகம், ஒவ்வொரு வயரை எடுக்கும்போதும் விழும் வேகம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது, எந்தப் புதிய பாகத்தையும்விட மதிப்புள்ள முதலீடு. அடுத்த நடுக்கம் தொடங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் இருக்கும். வண்டியை அன்றாடம் காலையில் கிளப்புபவரைத் தவிர வேறு எவராலும் அவற்றை எழுதியிருக்க முடியாது.